அம்பு விலகிப் போனால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய காலியிடத்தில் ஞாயிறு காலை பிள்ளைகள் வில் பழகுகிறார்கள். சித்தூர் பக்கமிருந்தும் வருவார்கள், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் வருவார்கள். அவர்களுடைய அம்புகளைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது எட்டு வருஷமாக என் வேலை. "அண்ணா, வில்லு சரியில்லைங்கண்ணா" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். பார்த்தால் வில்லில் ஒன்றும் இருக்காது. அம்பின் பின்னால் நாணைக் கவ்வச் செருகியிருக்கும் நாக் விரிந்திருக்கும், அல்லது வாலில் ஒட்டிய இறகுகளில், அதாவது வேன்களில், ஒன்று பாதி உரிந்து நிற்கும். புது வில் வாங்கக் கடன் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பாவைச் சில பத்து ரூபாய் நாக்கோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்து எழுதுகிறேன். இடது வலது என்று சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களின் ரிகர்வ் வில்லுக்கு, அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்லுக்கு. இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: விரிசல் பாருங்கள், எண் போடுங்கள்

கார்பன் அம்பை இரண்டு கையாலும் இரு முனையில் பிடித்து, முகத்துக்குத் தள்ளி வைத்து, ஒன்றிரண்டு அங்குலம் வளையும்படி மெல்ல வளையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி எல்லாப் பக்கமும் வளைத்துப் பாருங்கள். 'கிரிக்' என்று சத்தம் கேட்டாலோ, நகத்தால் தடவும்போது நார் சிலிர்த்து நின்றாலோ அந்த அம்பு முடிந்தது. ஒட்டிச் சேர்க்க முடியாது. உடனே இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள். ஒடிக்காமல் ஓரமாக வைத்தால் யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். விரிசல் விட்ட கார்பன் நாண் தள்ளும் வேகத்தில் சிதறும், சிம்பு வில் பிடித்த கையில் ஏறும். எங்கள் மைதானத்தில் ஒரு பையனுக்கு அப்படி நடந்தது. அன்று காலை நான் அம்புகளை வளைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பார்க்காமல் ஒரு அம்பும் கோட்டுக்குப் போவதில்லை.

அடுத்து, எல்லா அம்பிலும் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். ஆறு ஆறாக ஐந்து சுற்று எய்து, எந்த எண் எங்கே விழுந்தது என்று தாளில் குறியுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

நேரமும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குத் தெரிந்ததுதான். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து தள்ளும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. சோதனை எல்லாவற்றையும் விடிந்ததும், பனை ஓலை அசையாத நேரத்தில் முடித்துவிடுங்கள்.

## அறிகுறி 1: ஒரு அம்பு மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகிறது

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். தாளைப் பாருங்கள். தனியாகப் போவது ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு எண்ணா? அப்படியானால் அம்பில் கோளாறு இல்லை, விடும் கையில் இருக்கிறது. பயிற்சியாளரிடம் போங்கள், ஒரு பாகமும் வாங்க வேண்டாம். திரும்பத் திரும்ப 4-ம் எண் அம்பேதான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நாக். நாண் கவ்வும் இடத்தில் வெள்ளைக் கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொரு அம்பு வந்து பின்னால் இடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் விரிந்திருக்கும். சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். விரிந்த நாக் நாணிலிருந்து நழுவினால் வெறும் நாணை விட்டது போல ஆகிவிடும், வில்லே உடையலாம்.

புது நாக் போட்டும் அதே அம்பு விலகினால், நாக்கை மூன்றில் ஒரு பங்கு சுற்றுத் திருப்பி மறுபடி எய்துபாருங்கள். எந்த அம்புத் தண்டும் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருக்காது. விறைத்த பக்கம் மற்ற அம்புகளில் ஒரு திசையிலும் இந்த அம்பில் வேறு திசையிலும் இருந்தால் இது தனியாகத்தான் போகும். மூன்று வேன் இருப்பதால் மூன்று நிலை கிடைக்கிறது. ஒன்றில் கூட்டத்துக்குத் திரும்பி வந்தால் அங்கேயே ஒரு கோடு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விலை குறைந்த கலப்புக் கார்பன் அம்புகளில் பாதிக்குப் பாதி இதிலேயே சரியாகிவிடுவதை நான் பார்க்கிறேன்.

வேன். முன்னோரம் உரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? ஒரு வேன் பழையது, இரண்டு புதியது என்று இருக்கிறதா? ஒன்று போனால் மூன்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

முனை. முனையைப் பிடித்துத் திருகுங்கள். சுழன்றால் பசை விட்டுவிட்டது. இறுக்கமாக இருந்தால் அம்பைக் கட்டைவிரல் நகம், ஆள்காட்டி விரல் நகம் இரண்டின்மேல் கிடத்தி, வேனில் ஊதிச் சுழல விடுங்கள். நகத்தில் அதிர்வு தெரிந்தால் முனை கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது. தண்டுக்குள்ளே இன்சர்ட் என்ற மரைக் குழாயை ஒட்டி, அதில் முனையைத் திருகும் வகை அம்புகளில் இன்சர்ட்தான் பெரும்பாலும் கோணல். வெட்டிய விளிம்பைச் சமமாகத் தேய்க்காமல் ஒட்டியிருப்பார்கள்.

எடை. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். அம்பு உலகத்தில் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், 1 கிராம் 15.43 கிரெயின். 0.1 கிராம் வித்தியாசம் என்றால் ஒன்றரை கிரெயின், அதைப் பற்றிப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம். ஒரு அம்பு மட்டும் 0.5 கிராம் கூடவோ குறையவோ இருந்தால் அதில் முனை வேறாக இருக்கும். ஒரு செட்டில் 90 கிரெயின் முனை, 100 கிரெயின் முனை இரண்டும் கலந்து கிடந்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

தண்டு. இவ்வளவும் பார்த்தும் அடங்கவில்லை என்றால் அந்த அம்பைப் பயிற்சிக்குக்கூட வைக்காதீர்கள். பன்னிரண்டு வாங்கி, அதில் நல்ல எட்டைப் பொறுக்கிப் போட்டிக்கு வைப்பது வீண் செலவு இல்லை. இதற்கு வெளியாளைக் கூப்பிட வேண்டியதில்லை.

## அறிகுறி 2: கூட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் இடமோ வலமோ தள்ளி விழுகிறது

முதலில் சைட்டை, அதாவது வில்லில் குறி பார்க்கும் கருவியை நகர்த்துங்கள். சரியாகிவிட்டதா? போதும். நகர்த்த இடமில்லாமல் போனாலோ, தூரம் மாறும்போது மறுபடி விலகினாலோ வேன் இல்லாத அம்பு பேச வேண்டும்.

வேன் உரித்த இரண்டு அம்பையும் வேன் உள்ள மூன்று அம்பையும் 18 மீட்டரில் எய்யுங்கள். அங்கே இரண்டு வகையும் ஒரே இடத்தில் விழுந்தால் 30 மீட்டருக்குப் போங்கள். வேன் இல்லாத அம்புக்குத் தப்பை மறைக்கத் தெரியாது. எய்யும்போது பக்கத்தில், பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

### வேன் இல்லாதது இடப்பக்கம் விழுந்தால்: அம்பு விறைப்பு

அவசரப்பட வேண்டாம். அம்பின் பின்பகுதி வில்லில் உரசினாலும் இதே மாதிரி இடப்பக்கம் காட்டும். அறிகுறி 4-ல் உள்ள பவுடர் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். உரசல் இல்லை என்றால்:

அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் ஊசிதான் பிளஞ்சர். அதன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சின்ன விலகலுக்கு இது போதும், செலவு இல்லை. போதவில்லையா, முனையின் எடையைக் கூட்டுங்கள். 90-லிருந்து 100, அப்புறம் 110 கிரெயின். முன்னால் எடை கூடினால் தண்டு கூடுதலாக வளையும், அதாவது அம்பு இளகியது போல நடந்துகொள்ளும். லிம்ப் (வில்லின் வளையும் கை) போல்ட்டில் இடமிருந்து, பிள்ளைக்கு இழுக்கவும் தெம்பு இருந்தால் வில்லின் இழுவையை ஒரு பவுண்டு கூட்டலாம். அம்புக்காகப் பிள்ளையின் தோளைக் கெடுக்க வேண்டாம்.

இதிலெல்லாம் அடங்காத விலகல் என்றால் ஸ்பைனே தப்பு. ஸ்பைன் எண் என்பது 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடை தொங்கவிட்டால் தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதன் ஆயிரத்தில் கணக்கு. 500 என்றால் அரை அங்குலம். எண் பெரிதானால் அம்பு இளகல். இது தலைகீழாக மனதில் பதிந்துபோய்த் தப்பாக வாங்குகிறவர்கள் நிறைய. 26 பவுண்டு வில்லுக்கு, கையிருப்பில் இதுதான் இருக்கிறது என்று 500 ஸ்பைன் அம்பை விற்றுவிடுகிறார்கள். எந்தப் பிளஞ்சரும் அதைச் சரிசெய்யாது. அந்தப் பிள்ளைக்கு அம்பு மாற்றித்தான் ஆக வேண்டும்.

### வேன் இல்லாதது வலப்பக்கம் விழுந்தால்: அம்பு இளகல்

பிளஞ்சரை இறுக்குங்கள். அடுத்து முனையின் எடையைக் குறையுங்கள், உடைத்து எடுக்கும் வகை முனையானால் ஒரு துண்டை ஒடித்தால் 10 கிரெயின் குறையும். இழுவையை ஒரு பவுண்டு இறக்கலாம்.

கடைசியாகத்தான் தண்டை வெட்டுவது. குட்டையானால் விறைக்கும். ஆனால் வெட்டினது வெட்டினதுதான், அதனால் ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு எப்போதும் இழுவை நீளத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் நீளமாகவே வாங்கச் சொல்கிறேன். குட்டை அம்பு, அதைத் தாங்கும் ரெஸ்டைத் தாண்டிப் பின்னால் விழுந்தால் எய்கிறவர் கையிலேயே பாயும்.

வெட்டும் வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஹாக்ஸா பிளேடு கார்பனைப் பிளக்கும். வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரம் வேண்டும், தூசி மூச்சில் போகாமல் முகக்கவசம் வேண்டும். சமையலறையில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை.

புதிதாக ஸ்பைன் தேர்ந்தெடுக்கும் முன் வில்லின் உண்மையான இழுவையை அளந்துவிடுங்கள். லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுவைக்கு. ஒரு அங்குலம் குறைவாக இழுத்தால் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் நாணை மாட்டி, பிள்ளை இழுக்கும் அளவுக்கு இழுத்துப் பாருங்கள். கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு. அந்த எண்ணும் அம்பின் நீளமும் இருந்தால்தான் அம்பு தயாரிப்பாளரின் அட்டவணை உதவும்.

கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு இந்த இட வலக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அங்கே முதலில் ரெஸ்டை நகர்த்திப் பார்க்க வேண்டும். கேபிள், கேம் (கப்பி) பக்கம் கோளாறு என்று தோன்றினால், வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வைத்திருக்கும் டெக்னீஷியனைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது.

## அறிகுறி 3: மேலும் கீழுமாகச் சிதறுகிறது

18 மீட்டரில் வேன் இல்லாதது மேலே போனால் நாணில் நாக் மாட்டும் இடமான நாக்கிங் பாயின்ட் தாழ்ந்திருக்கிறது, கொஞ்சம் ஏற்றுங்கள். கீழே போனால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர்.

வேன் உள்ள அம்புகளே மேலும் கீழும் விழுந்தால், நாக் நாணைக் கவ்வும் இறுக்கத்தைச் சோதியுங்கள். வில்லைப் படுக்கையாகப் பிடித்து, அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்க விடுங்கள். தன் எடையில் விழக் கூடாது. நாக்குப் பக்கத்தில் நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழவில்லை என்றால் மிக இறுக்கம், மாட்டியதுமே நழுவினால் மிகத் தளர்ச்சி. பழகும் வில்களில் வரும் தடித்த டேக்ரான் நாணுக்கு அகலப் பிளவு நாக், மெல்லிய நாணுக்குக் குறுகிய பிளவு நாக். நாண் மாற்றிய வாரத்தில் இந்தக் கோளாறு வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். நாக் மாற்றுவதா, நாணின் நடுச் சுற்றை வேறு நூலில் கட்டுவதா என்றால் நாக் மாற்றுவதுதான் மலிவு.

கிட்டத்தில் நன்றாக விழுந்து 50, 70 மீட்டரில் மட்டும் சிதறினால் எடை வித்தியாசம், கிழிந்த வேன் இரண்டையும் பாருங்கள். அதற்கும் மேலே போனால் லிம்ப் திருகியிருக்கலாம், வில்லை விவரமானவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 4: அம்பு வாலாட்டிக்கொண்டு போகிறது, வேன் கிழிகிறது

முகத்துக்குப் போடும் பவுடரை வேன் மேலும், அம்பின் பின் பாதியிலும் தூவி எய்யுங்கள். ரெஸ்டிலும், அம்பு கடந்து போகும் வெட்டான வில் ஜன்னலிலும் பவுடர் ஒட்டினால் உரசுகிறது. முதலில் நாக்கைச் சிறிது திருப்பி, நிறம் மாறிய வேன் வில்லுக்கு எதிர்ப்பக்கம் சரியாகப் பார்க்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரெஸ்டின் கம்பி அம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உயரம் குறைந்த வேன். உரசல் ஒன்றுமே இல்லாமல் வால் ஆடினால் அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 5: லேசான காற்றுக்கே அடித்துச் செல்லப்படுகிறது

எல்லாருக்கும்தான் காற்று. பக்கத்தில் எய்கிறவருக்கு ஒரு வளையம் தள்ளும்போது உங்களுக்கு மூன்று வளையம் தள்ளினால்தான் இது கோளாறு.

வேன் பெரிதாக இருக்கலாம். நீள இறகு வைத்த அம்பு உள்ளரங்கில் 18 மீட்டருக்கு நல்லது, இங்கே ஆடி மாதத்தில் 70 மீட்டருக்கு ஆகாது. சின்ன, தாழ்ந்த வேனுக்கு மாறுங்கள்.

அடுத்து முன்பார எடை. எஃப்.ஓ.சி. என்று சொல்வார்கள். அம்பை விரல் மேல் வைத்துச் சமன்படும் இடத்தைக் குறியுங்கள். நாக்கின் பிளவிலிருந்து தண்டு முடியும் வரை 700 மில்லிமீட்டர் என்றால் நடு 350. சமன்படும் இடம் 434-ல் இருந்தால் 84 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது, 84-ஐ 700-ஆல் வகுத்தால் 12 சதவீதம். வெளிமைதான ரிகர்வுக்கு 11 முதல் 16 வரை நல்லது. 7, 8 என்று வந்தால் கனமான முனை வேண்டும். ஆனால் முனை மாறினால் ஸ்பைன் கணக்கும் மாறும், வேன் இல்லாத அம்பை மறுபடி எய்து பார்க்காமல் விடாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பையன்கள் வீடியோ பார்த்துவிட்டு 20 சதவீதம் முன்பாரம், வெட்டும் அலகு வைத்த பிராட்ஹெட் என்றெல்லாம் கேட்கிறார்கள். அது அமெரிக்கா போல வில் வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளின் கணக்கு. மானின் உடலில் ஆழமாக இறங்க வேண்டும், இருபது முப்பது மீட்டர் தூரம் போதும். நமக்கு 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் தாள். அவர்கள் கணக்கில் அம்பு கட்டினால் சைட் கீழே இறங்க இடமில்லாமல் போகும். இந்தியாவில் காட்டு விலங்கு வேட்டைக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை இருக்கிறது. நெல்லியாம்பதி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு பிராட்ஹெட் கேட்டு வருகிறவர்களுக்கு நான் ஒரு இன்சர்ட்கூட ஒட்டிக் கொடுப்பதில்லை.

செலவு அதிகமான வழி மெல்லிய தண்டு. காற்றுக்கு முகம் குறையும், நிச்சயம் உதவும். வளர்ந்து முடிந்து இழுவை நிலைத்த பிறகு வாங்குங்கள். எடை குறைவாகத் தேடும்போது ஒரு எல்லை உண்டு: இழுவையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின். 40 பவுண்டு வில்லுக்கு மொத்த அம்பு 200 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது, போனால் வில் அடிபடும்.

## அறிகுறி 6: முனை டார்கெட்டிலேயே தங்கிவிடுகிறது, வேன் கழன்று விழுகிறது

மார்ச் பிறந்தால் வாரம் நாலு பேர் இதோடு வருவார்கள். காரணம் வெயில். பாலக்காட்டில் 40 டிகிரி தொடும் நாளில் பூட்டிய கார் அடுப்பு மாதிரி இருக்கும். முனையைப் பிடித்திருக்கும் ஹாட் மெல்ட் பசை இளகிவிடும். அம்பைப் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும்.

உள்ளே போன முனையைக் குறடால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். கார்பன் தண்டைத் தீயில் காட்டவே கூடாது, உள்ளே பிசின் வெந்து தண்டு பலம் இழக்கும். முனையைக் குறடில் பிடித்து அதை மட்டும் சுட வையுங்கள், குறைந்த சூட்டில் உருகும் பசையைத் தடவுங்கள், சுழற்றிக்கொண்டே தண்டில் செருகுங்கள், தண்ணீரில் முக்குங்கள். பின்னால் எடை மாற்றிப் பார்க்க முனையைக் கழற்ற வேண்டுமானால், முனைப் பக்கத்தைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் விட்டுவிடும். எபாக்சி போட்டால் உறுதிதான், ஆனால் அப்புறம் முனையை மாற்ற வழியில்லை. ஸ்பைன் முடிவாகாத பிள்ளைகளுக்கு எபாக்சி வேண்டாம்.

வேன் கழல்வதற்குப் பசையைக் குறை சொல்லும் முன் தண்டைத் துடைத்தீர்களா என்று யோசியுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசை போதும், ஒட்டாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு தொடாமல் ஒட்டுங்கள். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், அதைப் போட்டுத் துடைத்தால் முன்னைவிட மோசம். பழைய பசையைக் கத்தியால் சுரண்டும்போது கார்பன் நாரைக் கீறாதீர்கள்.

ஃபோம் டார்கெட்டில் எய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உரசிய சூட்டில் ஃபோம் உருகித் தண்டில் படலமாக ஒட்டும், பிடுங்கவே வராது, பலமாக இழுத்தால் முனை போகும். சுற்றுக்குச் சுற்றுத் துணியால் துடையுங்கள். பிடுங்கும்போது டார்கெட்டை ஒரு கையால் அழுத்தி, தண்டைத் தாளுக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு இழுங்கள், நாக் முனை கண்ணில் குத்தும்.

ஒட்டி முடித்த அம்புகளை ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு மறுநாள் வளைத்துப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துப் பெட்டியில் போடுங்கள். பெட்டி வண்டியில் இருக்க வேண்டாம், வீட்டுக்குள் கட்டில் அடியில் இருக்கட்டும்.